நிப்பா முதல் புற்றுநோய் வரை: சர்க்கரையைப் பற்றும் புரதங்கள்

1999-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சன் வட்டாரத்தில், பால்மரத் தோட்டங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் அருகே அமைந்திருந்த புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா முதலிய பன்றிப் பண்ணைக் கிராமங்களில், நேற்றுவரை திடகாத்திரமாக உழைத்துக்கொண்டிருந்தவர்கள் கடுஞ்சுரமும் தலைவலியும் கண்டு படுத்தார்கள்; சில நாட்களுக்குள் பிரக்ஞை மங்கிற்று; பலர் மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே மாண்டார்கள். பண்ணைகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். அவர்களிடம் சம்பளத்துக்கு உழைத்த இந்தியத் தொழிலாளர்களும் அந்த நோய்க்கு இரையானவர்களில் உண்டு.

நோய் அங்கே பிறக்கவில்லை. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்துக் கிந்தா வட்டாரத்தில் தலைகாட்டி, ஆண்டு முடியும் தறுவாயில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கு வந்து, பிறகு, பன்றிகளை லாரிகளில் ஏற்றி ஊர் விட்டு ஊர் விற்ற வியாபாரத்தோடு கூடவே புக்கிட் பெலாண்டோக் பக்கம் பரவிற்று. கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் முதலில் நிர்ணயித்தார்கள்; ஆகையால் ஊரெங்கும் கொசுப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆனால் கொசு வயதும் தொழிலும் பார்த்துக் கடிப்பதில்லை. இந்த நோயோ குழந்தைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பன்றிகளோடு நேரே பழகிய வயது வந்தவர்களையே பிடித்தது. அக்கம்பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களை ஏறக்குறைய தீண்டவே இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் விட்டுவைக்கவில்லை. பன்றிகளும் உரத்த குரலில் இருமி இருமிச் செத்தன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த மருத்துவர் சிலருக்கு, முதல் நிர்ணயத்தில் சந்தேகம் எழுந்தது.

அந்தச் சந்தேகத்தை நிரூபித்தவர், அக்காலத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுவா காவ் பிங் என்னும் வைரஸ் ஆராய்ச்சியாளர். சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களின் மேல் இட்டு, 1999 மார்ச்சில் அவர் நுண்பெருக்கியில் பார்த்தபோது, தனித்தனியே இருக்க வேண்டிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்களைக் கொண்ட பெரும்பிண்டங்களாக ஆகியிருக்கக் கண்டார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இப்படிச் செய்வது வழக்கமன்று. மாதிரிகள் அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, இது மனிதர் இதுகாறும் அறியாத புதிய வைரஸ் என்பது உறுதியாயிற்று. அந்தச் சிற்றூரின் பெயரே அதற்கு நிலைத்தது. ராணுவத்தின் உதவியோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பின்னரே நோய் அடங்கிற்று. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள். மலேசியப் பன்றிகளை வெட்டிய சிங்கப்பூர் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேரையும் அந்நோய் பிடித்து, ஒருவரைக் கொன்றது. பழந்தின்னி வௌவால்களே இக்கிருமியின் இயற்கையான இருப்பிடம் என்பது பின்னர் தெரியவந்தது. 2018-இல் கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்தில் தலைதூக்கியதும் இதே நிப்பாதான்.

சுவா கண்ட அந்தப் பெரும்பிண்டங்களிலிருந்தே நமது விஷயம் தொடங்குகிறது. நிப்பா வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று, நமது இரத்த நாளங்களின் உட்சுவரிலும் நரம்புகளிலும் உள்ள எஃப்ரின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது; இதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். மற்றொன்று, வைரஸின் உறையையும் உயிரணுவின் உறையையும் ஒன்றாக இணைத்து வழி திறக்கிறது. உயிரணுவுக்குள் கிருமி பெருகிய பின், அந்த உயிரணுவையே அண்டை உயிரணுவோடு இணைத்துவிடுவதும் இதன் வேலைதான். மூளையின் நுண்ணிய இரத்த நாளங்களில் இப்படி நடக்கும்போது சுவர் சிதைகிறது, இரத்தம் உறைகிறது, மூளையின் பகுதிகள் இரத்தமின்றி மடிகின்றன. இணைக்கும் வேலையைச் செய்யும் அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்து நிற்கின்றன. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பென்ஹர் லீ, லிண்டா பாம் ஆகியோரின் குழுவினர் 2005-லும் 2010-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், நமது உடம்பே உண்டாக்கும் கலெக்டின்-1 என்னும் ஒரு சிறு புரதம், அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றி, இணைப்புப் புரதங்கள் நகரவும் முதிரவும் முடியாதபடி ஒன்றோடொன்று பிணைத்துவைத்து, உயிரணுக்கள் கூடிப் பிண்டமாவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள்.

இம்மட்டில் கலெக்டின்-1 நமது காவலன் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் இதே கலெக்டின்-1-ஐப் பல வகைப் புற்றுக்கட்டிகள் மிகுதியாகச் சுரந்து, தம்மை அழிக்க வரும் வெள்ளணுக்களையே சாகச் செய்கின்றன என்பதும் ஐயமறத் தெரிந்த உண்மை. ஒரே பொருள் ஓரிடத்தில் நன்மையும் மற்றோரிடத்தில் தீமையும் செய்வதற்குக் காரணம் என்ன? இக்கேள்விக்கு விடை காண, சர்க்கரையைப் பற்றும் புரதங்களின் குலத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய உதாரணங்களில் பலவற்றை நெகிரி செம்பிலான் தோட்டக்காட்டிலேயே காணலாம்.

இங்கே சர்க்கரை என்று சொல்வது காப்பியில் போடும் சீனியையோ, நீரிழிவுக்காரர் மாதந்தோறும் அளந்து பார்க்கும் குருதிச் சர்க்கரையையோ அன்று. காலக்டோஸ், மன்னோஸ், சியாலிக் அமிலம் முதலிய சர்க்கரை வகைகள் பலவிதமாகக் கோக்கப்பட்டு, குட்டையும் நெட்டையுமான கிளைகளாக, ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பையும் மூடி நிற்கின்றன. நம் உயிரணுவுக்கு ஒரு மாதிரி, பாக்டீரியாவுக்கு ஒரு மாதிரி, பூஞ்சைக்கு ஒரு மாதிரி. ஒரே உடம்பில் ஆரோக்கியமான உயிரணுவுக்கும் புற்றுற்ற உயிரணுவுக்கும்கூட மாதிரி வேறுபடும். ஏ, பி, ஓ என்று நாம் இரத்தத்தைப் பிரித்துச் சொல்வதெல்லாம் சிவப்பணுவின் மேல் உள்ள சர்க்கரை வேற்றுமையை வைத்துத்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பவர்களை விளக்கு வெளிச்சத்தில் முகம் பார்த்தே, இன்னார் நம் தோட்டத்து ஆள், இன்னார் வெளியாள் என்று கங்காணி அறிந்ததைப் போல, உயிரணுவின் மேலுள்ள இந்தச் சர்க்கரையைத் தொட்டே அது இன்னதென்று அறியும் புரதங்கள் உயிருலகமெங்கும் உண்டு. அவற்றுக்கு லெக்டின் என்று பொதுப்பெயர். அவை சர்க்கரையைச் செரிப்பதில்லை, மாற்றுவதில்லை, பற்றுகின்றன, அவ்வளவே. பற்றிய பின் என்ன நடக்கும் என்பது, பற்றப்பட்டது எது, எங்கே, எப்போது என்பதைப் பொறுத்தது.

இவை முதன்முதலில் வெளிப்பட்டது விஷங்களின் வாயிலாக. 1888-இல், இன்று எஸ்தோனியா நாட்டில் தார்த்து என்று வழங்கும் நகரத்தில், பேட்டர் ஸ்டில்மார்க் என்னும் மருத்துவ மாணவர், ஆமணக்கு விதையிலிருந்து எடுத்த ரிசின் என்னும் சத்து, சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில், நம் பொற்கொல்லர்கள் எடைக்கு வைத்துக்கொண்ட குன்றிமணியிலும் அப்ரின் என்னும் அத்தகைய விஷம் இருப்பது தெரிந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி பவுல் ஏர்லிக் இவ்விரு விஷங்களையும் சுண்டெலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கி, ரிசினுக்குப் பழகிய எலி அப்ரினைத் தாங்காது, அப்ரினுக்குப் பழகிய எலி ரிசினைத் தாங்காது என்று காட்டினார். நோய் எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு பகைக்கும் தனித்தனியே அமைவது என்னும் அடிப்படைத் தத்துவம் நிலைபெற இது பெருந்துணையாயிற்று. இவை பற்றுவது சர்க்கரையைத்தான் என்பது மட்டும், 1936-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரையின் லெக்டினைக் கொண்டு காட்டும்வரை விளங்காமல் இருந்தது.

விஷ வித்துக்களை விட்டுத் தோட்டத்து மரத்துக்கே வருவோம். விடியற்காலையில் பட்டையைச் சீவிவிட்டால் மங்கில் சொட்டத் தொடங்கும் பால், வெயில் ஏற ஏறத் தளர்ந்து, வெட்டுவாயில் தானாகவே உறைந்து நின்றுபோவதையும், அப்படிக் காய்ந்த ஒட்டுப்பாலை மறுமுறை வெட்டும்போது உரித்தெடுப்பதையும் பால்வெட்டுத் தொழிலாளர் மூன்று தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். அந்த உறைதலில் பங்குகொள்வது ஒரு லெக்டின். ஹெவின் என்னும் அந்தப் புரதத்தை 1960-இல் ஆர்ச்சர் என்னும் ஆராய்ச்சியாளர் ரப்பர்ப் பாலிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். 43 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய புரதம் அது. பாலுக்குள் நுண்ணிய பைகளில் அடங்கியிருக்கும் ஹெவின், பட்டை அறுபட்டுப் பைகள் உடையும்போது வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களின் மேல் உள்ள ஒருவகைச் சர்க்கரையைப் பற்றித் துகளோடு துகளைச் சேர்க்கிறது என்று 1994-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. அதே சர்க்கரையால் ஆனது பூஞ்சைகளின் சுவரில் உள்ள கைட்டின்; ஆகவே காயத்தை அடைக்கும் ஹெவினே அந்தக் காயத்தின் வழியே நுழைய வரும் பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்க வல்லது. மரத்துக்கு இஃது ஒருங்கே கட்டும் மருந்தும் ஆகும்.

அதே ஹெவின் மனிதர் உடம்பைத் தொட்டபோது கதை வேறாயிற்று. எய்ட்ஸ் நோயின் பயத்தால் 1980-களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் மருத்துவமனைகளில் ரப்பர்க் கையுறை நாள் முழுதும் அணியப்பட்டது. அதனால் தாதிகளுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் தோல் தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு, சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உண்டாயிற்று. அவர்களுடைய எதிர்ப்புச் சக்தி பகையென்று தவறாகக் கருதிய பொருள்களில் ஹெவின் முக்கியமானது. வாழைப்பழத்திலும் வெண்ணெய்ப்பழத்திலும் கிவிப் பழத்திலும் ஹெவினை ஒத்த பகுதியையுடைய புரதங்கள் இருப்பதால், ரப்பர் ஒவ்வாதவர் சிலருக்கு அந்தப் பழங்களும் ஒவ்வுவதில்லை. கையுறை உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் மலேசியா, புரதம் குறைந்த கையுறைகளைச் செய்யத் தலைப்பட்டது; மாவு பூசிய கையுறைகளை, அந்த மாவோடு புரதமும் காற்றில் பறக்கிற காரணத்தால், 2017 முதல் அமெரிக்கா தடை செய்தது. தோட்டத்து மரத்தில் காவலாயிருந்த புரதம், தாதியின் மூச்சுக்குழலில் நோயாயிற்று. புரதம் மாறவில்லை, அது சேர்ந்த இடம் மாறிற்று.

தோட்டத்தின் பழைய எமனாகிய மலேரியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நிறைவுறாது. காட்டை அழித்து வெயில் படச் செய்த குன்றோரச் சிற்றோடைகளின் தெளிந்த நீரில் மாக்குலாட்டஸ் கொசு முட்டையிட்டுப் பெருகியதால், ரப்பர் நட்ட ஆரம்ப காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் மலைச்சாரல் தோட்டங்களின் லயங்களில் குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள் என்பது சரித்திரம். மலேரியாக் கிருமிகளுள் கொடியதான பால்சிபாரம், சிவப்பணுவுக்குள் நுழைவதற்குச் சர்க்கரையையே துணைக்கொள்கிறது. சிவப்பணுவின் மேல் நெருங்கிக் கிடக்கும் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதம் அக்கிருமியிடம் உண்டு என்பது 1985-இல் தெரியவந்தது. இங்கே பற்றுகிறவன் பகைவன். பற்றப்படுவது நமது சர்க்கரை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான அஜித் வர்க்கி, இந்தச் சியாலிக் அமிலத்தைப் பற்றி வியப்பான ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். சிம்பன்சி முதலிய குரங்கினங்களின் உயிரணுக்களில் இரண்டு வகைச் சியாலிக் அமிலங்கள் இருக்க, மனிதன் அவற்றுள் ஒன்றை உண்டாக்கும் திறனைத் தொல்பழங்காலத்திலேயே இழந்துவிட்டான். சிம்பன்சியின் மலேரியாக் கிருமி, நாம் இழந்த வகையையே விரும்பிப் பற்றுவது. மனிதனின் பால்சிபாரம், நம்மிடம் எஞ்சிய வகையைப் பற்றுவது. ஆகவே, அந்தச் சர்க்கரையை இழந்ததால் ஒரு பழைய கிருமியிடமிருந்து நம் முன்னோர் தப்பியிருக்கலாம் என்றும், மிஞ்சிய சர்க்கரைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்ட புதிய கிருமியிடம் பின்னர் அகப்பட்டார்கள் என்றும் வர்க்கியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் கருதுகிறார்கள். பறவைக் காய்ச்சல் மனிதரிடம் எளிதில் தொற்றாததற்கும் ஒரு முக்கிய காரணம் இதே சியாலிக் அமிலம் பறவைக்கும் நமக்கும் வெவ்வேறு விதமாக இணைந்திருப்பதுதான்.

நமது எதிர்ப்புச் சக்தியும் சர்க்கரையைப் பற்றும் இந்தச் சாதனத்தையே கையாளுகிறது. கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் ஒரு லெக்டின், பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றின் மேல் நெருங்கி நிற்கும் மன்னோஸ் சர்க்கரையைப் பற்றி, அவற்றைத் துளைத்துக் கொல்லும் இரத்தப் புரதங்களை வரவழைக்கிறது. முன்பின் அறியாத கிருமியையும் முதல் நாளிலேயே எதிர்க்க வல்ல பிறவிக் காவல்களில் இஃது ஒன்று. தோலிலும் சளிப்படலங்களிலும் காவலிருக்கும் சில உயிரணுக்களின் மேலும் மன்னோஸைப் பற்றும் லெக்டின் உண்டு. ஆனால் சிரம்பான் பக்கத்து மக்கள் இன்று மலேரியாவைவிட அதிகமாக அஞ்சும் டெங்கு இருக்கிறதே, அதன் வைரஸ் மன்னோஸ் மிகுந்த சர்க்கரைகளை அணிந்து வந்து, கொசு கடித்த இடத்தில் அந்தக் காவல் உயிரணுவின் லெக்டினையே பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடுகிறது என்று 2003-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது எவ்வளவு அவசியமோ, தணிப்பதும் அவ்வளவு அவசியம். கிருமி ஒழிந்த பின்னும் வெள்ளணுக்கள் சினம் தணியாமல் இருந்தால் சொந்த உடம்பையே அழித்துவிடும். 1995-இல் லிண்டா பாமின் குழுவினர், தூண்டப்பெற்ற டி வெள்ளணுக்களின் சர்க்கரையைக் கலெக்டின்-1 பற்றினால் அவை தாமாகவே மடிகின்றன என்று கண்டார்கள். தாயின் உடம்புக்குப் பாதி அந்நியமான சிசு பத்து மாதம் கருப்பையில் பத்திரமாக வளர்வதற்குக் கலெக்டின்-1 செய்யும் இந்தச் சாந்திப் பணியும் ஒரு காரணம் என்று 2007-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி தெரிவித்தது. சிக்லெக் என்னும் மற்றொரு லெக்டின் குடும்பம், நம் உயிரணுக்களின் மேல் உள்ள சியாலிக் அமிலத்தைத் தொட்டுணர்ந்து, இது நம்முடையது, விட்டுவிடு என்று வெள்ளணுவுக்கு உணர்த்துகிறது.

புற்றுநோயின் வஞ்சகம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிசுவைக் காக்கும் அதே வழியைப் புற்றுக்கட்டி தன்னைக் காக்கக் கையாளுகிறது. அர்ஜென்டீனாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்து கப்ரியேல் ரபினோவிச்சின் குழுவினர், எலிகளின் தோற்புற்றில் கலெக்டின்-1 உற்பத்தியைக் குறைத்தபோது, அதுவரை அடங்கியிருந்த வெள்ளணுக்கள் வீறுகொண்டு கட்டியை எதிர்த்ததை 2004-இல் வெளியிட்டார்கள். இன்னும் சில புற்றணுக்கள் தம்மேல் சியாலிக் அமிலத்தை மிகையாகப் போர்த்துக்கொண்டு, சிக்லெக்குகளை ஏமாற்றித் தப்புகின்றன. புற்று ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குப் பரவுவதிலும் லெக்டினுக்குப் பங்கு உண்டு: காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைப்பதற்காக இரத்த நாளச் சுவரில் தோன்றும் செலக்டின் என்னும் புரதங்களை, அவை விரும்பும் சர்க்கரையை அணிந்த புற்றணுக்களும் பற்றிக்கொண்டு கரையேறிப் புது இடத்தில் குடிபுகுகின்றன. கணையப் புற்றுநோயின் போக்கை அறிய மருத்துவர்கள் எழுதித் தரும் சிஏ 19-9 என்னும் இரத்தச் சோதனை அளப்பது இப்படிப்பட்ட ஒரு சர்க்கரையைத்தான். பரம்பரையாகவே இந்தச் சர்க்கரை உண்டாகாதவர்கள் சிலர் இருப்பதாலும், மஞ்சட்காமாலை போன்ற பிற காரணங்களால் அளவு ஏறக்கூடுமாதலாலும், அந்தச் சோதனை ஒன்றையே வைத்துப் புற்றுநோய் உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல இயலாது.

பகைவனின் வேஷத்தை அறிந்த பின் அதைக் கொண்டே அவனைக் கண்டுபிடிக்கவும் முடியும். நமது சமையலறைகளில் புழங்கும் மைசூர்ப் பருப்பில் உள்ள லெக்டின், கல்லீரலில் புற்று உண்டானவர்களின் இரத்தத்தில் வரும் ஒரு புரதத்தை, வெறும் கல்லீரல் அழற்சியில் வரும் அதே புரதத்திலிருந்து சர்க்கரை வேற்றுமையால் பிரித்தறிய உதவுகிறது. அந்த அடிப்படையில் அமைந்த சோதனை பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், அவதேஷ சுரோலியா ஆகியோர் நிலக்கடலை லெக்டினின் முப்பரிமாண வடிவத்தையும் பலாக்கொட்டை லெக்டினின் வடிவத்தையும் 1990-களில் விளக்கிக் காட்டினார்கள். ஆரோக்கியமான உயிரணுவில் மறைந்திருந்து புற்றணுவில் வெளிப்படும் ஒரு சர்க்கரையை இவ்விரண்டும் பற்றுவதே அவற்றின் மதிப்பு. மலேசியாவிலும், பலாவின் உறவான செம்பெடாக் பழத்தின் விதையிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்து ஓன் ஹாஷிம் குழுவினர் லெக்டின்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் சர்க்கரை மாறிய புரதங்களைத் தேடும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விதையை அவித்துத் தின்று பழகிய கம்பத்துக்காரரும் தோட்டத்துக்காரரும் அறியாத ஒரு பயன் அது.

மலேரியாவுக்கும் புற்றுநோய்க்கும் இடையே கண்ட எதிர்பாராத உறவையும் இங்கே கூறவேண்டும். பால்சிபாரம் பிடித்த சிவப்பணுக்கள் கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் சென்று தங்கி, தாய்க்குச் சோகையையும் சிசுவுக்கு எடைக்குறைவையும் உண்டாக்குவது, அங்கே உள்ள காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பற்றித்தான் என்று 1996-இல் அறியப்பட்டது. டென்மார்க்கின் அலி சலாந்தியும் கூட்டாளிகளும், அப்படிப் பற்றும் மலேரியாப் புரதத்தைத் தனியே செய்து சோதித்தபோது, அது நஞ்சுக்கொடியைப் போலவே பலவகைப் புற்றணுக்களையும் பற்றுகிறது என்று 2015-இல் அறிவித்தார்கள். வேகமாக வளர்ந்து, சுற்றியுள்ள திசுவைத் துளைத்துப் புகும் இயல்பு நஞ்சுக்கொடிக்கும் புற்றுக்கும் பொதுவாதலால் இரண்டும் ஒரே சர்க்கரையை அணிகின்றன போலும். அந்தப் புரதத்தோடு நஞ்சைப் பிணைத்து எலிகளின் புற்றுக்கட்டிகளை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு மருந்தாகும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. ஆயினும் கர்ப்பிணிகளை வதைத்த கிருமியின் ஆயுதம் ஒன்று, புற்றுநோயைக் குறிவைக்கும் கருவியாகக் கூடும் என்பது சாமானியமான விஷயமன்று.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பலாம். நிப்பாவைத் தடுக்கும் கலெக்டின்-1-ஐ மருந்தாக ஊசி போட்டுவிட்டால் என்ன என்று யாரும் நினைப்பார்கள். அதே ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் கண்டது அந்த நினைப்புக்கு ஓர் எச்சரிக்கை. கிருமி உயிரணுவுக்குள் புகுந்த பின்பு கலெக்டின்-1 வந்தால், முன் சொன்னபடி பிண்டமாவதைத் தடுக்கிறது. கிருமி ஒட்டுவதற்கு முன்பே கலெக்டின்-1 அங்கே இருந்தாலோ, கிருமியின் சர்க்கரையை ஒரு புறமும் உயிரணுவின் சர்க்கரையை மறுபுறமும் பற்றி, இரண்டையும் நெருக்கி, கிருமி புகுவதற்கே உதவிவிடுகிறது. ஆக, சில மணி நேரம் முன்பின்னாவதால் காப்பது கெடுப்பதாகிறது. புற்றுநோயில் கலெக்டின் குடும்பத்துப் புரதங்களை அடக்கும் மருந்துகளை மனிதரிடத்தில் சோதித்து வருகிறார்கள். அழற்சி நோய்களில் கலெக்டின்-1-ஐக் கூட்டினால் பயனுண்டா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள். நிப்பாவுக்கோ அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியோ உறுதியான மருந்தோ இன்றளவும் கிடையாது. வௌவால் கடித்த பழத்தை உண்ணாமையும், பண்ணையில் நோயுற்ற பிராணியை மறைக்காமையும், நோயாளியைக் காப்போர் கையுறையும் முகமறைப்பும் அணிவதுமே கைகண்ட பாதுகாப்பு.

லெக்டினை உண்டே நோயைத் தீர்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களும், பருப்பிலும் பயற்றிலும் லெக்டின் இருக்கிறது, அவற்றைத் தொடாதீர்கள் என்று பயமுறுத்துகிறவர்களும் இன்று பெருகியிருக்கிறார்கள். இருவரும் பாதி உண்மையைப் பேசுகிறவர்கள். ராஜ்மா என்று விற்கும் சிவந்த அவரை விதையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் அதன் லெக்டின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குவது மெய். ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க நன்றாக வேகவைத்தால் அந்தச் சக்தி அழிந்துபோவதும் மெய். அவித்த பருப்பினால் கேடில்லை. அவித்த பருப்பின் லெக்டின் புற்றுநோயைப் போக்கப் போவதுமில்லை.

சர்க்கரையைப் பற்றும் புரதங்களில் நல்லது கெட்டது என்னும் ஜாதி கிடையாது என்பதே, ரப்பர்ப் பாலிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் நிப்பாவிலிருந்தும் நாம் பெறும் முடிவு. இந்த அறிவில் ஒரு பகுதி, சுங்கை நிப்பாவில் படுத்த நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து நமக்குக் கிடைத்தது. விலை கொடுத்தவர்கள் பன்றிப் பண்ணையிலும் தோட்டத்திலும் உழைத்த எளியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் நாளை ஒருவர், எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் புரதம் இது, புற்றுநோயை ஓட்டும் சத்து இது என்று புட்டியை நீட்டினால், அவர்கள் அதைக் கையில் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் புரதம், உடம்பில் எந்த இடத்தில், நோயின் எந்தக் கட்டத்தில்? இம்மூன்றுக்கும் மனிதரிடத்தில் செய்த சோதனையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாதவர் விற்பதை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.